காய்ச்சல் இழுப்பும் காத்துக் கருப்பும்

எர்ணாவூர் முதல் காசிமேடு வரையிலுள்ள கடற்கரைக் குப்பங்களிலும், ஆலைத் தொழிலாளர் வீடுகளிலும், 2004-ம் வருஷத்துச் சுனாமிக்குப் பின் ஏற்பட்ட குடியிருப்புகளிலும் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோடு கைகால் இழுத்துக் கண் சொருகிவிட்டால், அடுத்தபடியாக நடக்கும் காரியங்கள் இன்னவை என்பது நமது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் சாவிக்கொத்தைக் குழந்தையின் கையில் திணிப்பார். ஒருவர் பல் கிட்டிப் போகிறதென்று கரண்டிக் காம்பை வாயில் நுழைப்பார். "உச்சி வேளையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏன் வெளியே போனாய்?" என்று பெற்றவளை ஏச நாலு பேர் கூடிவிடுவார்கள். பிறகு இந்து வீடானால் வேப்பிலையும் விபூதியும், முஸ்லிம் வீடானால் ஓதி ஊதிய தண்ணீரும், கிறிஸ்தவர் வீடானால் ஜெபித்த எண்ணெயும் வந்து சேரும். கடவுள் விஷயத்தில் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத மூன்று மதக்காரர்களும் காத்துக் கருப்பு விஷயத்தில் மாத்திரம் ஒத்துப்போய்விடுவது வேடிக்கையல்லவா?

நிற்க, இந்த இழுப்பு என்பதுதான் என்ன? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி முடியாத மூளை. சளியோ, தொண்டைப்புண்ணோ, காதில் சீழோ, வேறெதுவோ காரணமாக உடம்பு சூடேறும்போது சில குழந்தைகளுக்கு மூளை நரம்புகள் கொஞ்ச நேரம் ஒரே சமயத்தில் தாறுமாறாக வேலை செய்துவிடுகின்றன. அவ்வளவுதான். நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு இது வருவதாகக் கணக்கு. இங்கிலாந்திலும் வருகிறது, அமெரிக்காவிலும் வருகிறது, ஜப்பானில் இன்னும் அதிகமாகவே வருகிறது. நமது புளியமரத்துப் பேய் கப்பலேறி அங்கெல்லாம் போய்க் குடியேறிவிட்டதா என்று கேட்கின்றோம்.

"அதெல்லாம் சரி, சாவியைக் கொடுத்தவுடன் நின்றதே, கண்ணால் பார்த்தோமே" என்பார்கள். பார்த்தது உண்மைதான். ஆனால், இந்த இழுப்புகளில் பெரும்பாலானவை ஐந்து நிமிஷத்துக்குள் தாமாகவே நின்றுவிடுபவை. சாவியைத் தேடி எடுக்க ஒரு நிமிஷம், வேப்பிலையை ஒடித்து வர இரண்டு நிமிஷம். அதற்குள் அது நின்றுவிடுகிறது. சாவி கொடுத்தாலும் நிற்கும், துடைப்பக்கட்டையைக் கொடுத்தாலும் நிற்கும், ஒன்றும் கொடுக்காமல் இருந்தாலும் நிற்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் மந்திரவாதியின் முதலீடெல்லாம்! நிற்காமல் போனாலோ, "என்னிடம் நேரத்தோடு வரவில்லை" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. எப்படியும் தட்சணை வந்துவிடும்.

இதில் நமக்கு அதிக ஆத்திரத்தை உண்டாக்குவது பெற்றவளைக் குற்றவாளியாக்கும் கொடுமையே. இந்த இழுப்பு குடும்ப வழியில் வருவதுண்டு என்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். தாய் வழியிலும் வரும், தகப்பன் வழியிலும் வரும். மருமகளை ஏசுகிற மாமியாரம்மாள், தன் மகனுக்குச் சிறு வயதில் இப்படி வந்ததுண்டா என்பதை முதலில் ஞாபகப்படுத்திப் பார்க்கட்டும். இப்பொழுது படித்தவர்கள் வீட்டில், "காய்ச்சல் மருந்தை வேளைக்குக் கொடுக்கவில்லை" என்ற புது ஏச்சு ஒன்றும் கிளம்பியிருக்கிறது. காய்ச்சல் மருந்து குழந்தையின் உடம்பு வேதனையைக் குறைக்கும். இழுப்பு வராமல் தடுத்துவிடும் என்ற நிச்சயம் அதற்கில்லை.

பெண் குழந்தையாயிருந்துவிட்டால் விஷயமே வெளியே வராது. பின்னால் காக்காய் வலிப்புக்காரி என்று பேராகி, கல்யாணம் தடைப்படும் என்ற பயம். இந்தப் பயத்துக்கு என்ன ஆதாரம்? அமெரிக்காவில் காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 குழந்தைகளை ஏழு வயது வரையில் கவனித்து, நெல்சன், எல்லென்பெர்க் என்ற இருவர் 1976, 1978-ம் ஆண்டுகளில் முடிவை வெளியிட்டார்கள். அந்த வலிப்பினால் ஒரு குழந்தையும் சாகவில்லை, ஒரு குழந்தைக்கும் கைகால் விழுந்துவிடவில்லை. பிற்பாடு காக்காய் வலிப்பு கண்டது நூற்றுக்குச் சுமார் இரண்டு பேருக்கே. காய்ச்சலில் மறுபடியும் ஒரு முறை இழுப்பது மூன்றில் ஒரு குழந்தைக்கு உண்டு. அது பழைய பேய் திரும்பி வந்ததாகாது.

சாவிக்கொத்தோடு போனால் நாமும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். மாந்தம், செவ்வாப்பு என்று பேர் வைத்துப் பிஞ்சு வயிற்றில் சூடு போடுகிறவர்களை என்ன செய்வது? மத்தியப் பிரதேசம் ஷாதோல் ஜில்லாவில் 2023-ம் ஆண்டு, நிமோனியா கண்ட ஒரு கைக்குழந்தைக்கு 51 இடங்களில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். குழந்தை செத்துப் போயிற்று.

இதைவிடப் பெரிய ஆபத்து காலத்தை வீணாக்குவது. நூற்றில் பெரும்பாலான இழுப்பு சாது என்பதனால் எல்லாம் சாது ஆகிவிடாது. மூளை உறைக் காய்ச்சலிலும் இதே போல இழுக்கும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்குச் சமானம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையானாலும், இழுப்பு நின்ற பிறகும் வெகு நேரம் தெளியாமல் கிடந்தாலும், கழுத்து விறைத்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும், ஓயாமல் வாந்தியெடுத்தாலும், ஒரே நாளில் திரும்ப இழுத்தாலும் பூசாரிக்கும் மௌல்விக்கும் போதகருக்கும் அங்கே வேலையில்லை. அந்த மூளை உறைக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றுக்கான தடுப்பு, ஐந்து நோய்த் தடுப்பூசியில் அடங்கியிருக்கிறது. இந்தியாவில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுந்தான் முதன்முதலாக அதை அரசாங்கம் இலவசமாகப் போடத் தொடங்கிற்று. ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறதென்று அதைத் தவிர்க்கிறவர்கள் சிறியதற்குப் பயந்து பெரியதை வாங்கிக்கொள்கிறார்கள்.

தோழர்கள் செய்ய வேண்டியது கொஞ்சமே. குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். கூட்டத்தையும் சாம்பிராணிப் புகையையும் விலக்குங்கள். வாயில் தண்ணீரோ, மருந்தோ, கரண்டியோ, விரலோ வேண்டாம். கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். உடனே கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் ஆகியும் நிற்கவில்லையானால் 108-க்குச் சொல்லுங்கள். சீக்கிரம் நின்றுவிட்டாலும், முதல் தடவையானால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ராயபுரத்துப் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. எழும்பூரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. கண்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்டிப் போக வேண்டியவர்களாதலால், வேப்பிலைக்காகக் காத்திருக்கும் கால்மணி நேரம் நமக்கு இல்லை. போன இடத்தில், இழுப்பு எத்தனை நிமிஷம் இருந்தது, உடம்பு முழுவதும் இழுத்ததா ஒரு பக்கம் மாத்திரமா, எவ்வளவு நேரத்தில் தெளிந்தது என்று கேட்பார்கள். பக்கத்திலிருப்பவர் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தால் அதையே காட்டிவிடலாம்.