பெட்டியை அறுக்குமுன் கணக்குப் போடுங்கள்



கிண்டியின் போக்குவரத்து நெரிசலில் நிற்கும் கார்களுள் ஏதேனும் ஒன்று ‘தும், தும்’ என்று அதிர்வதைக் கவனித்திருப்பீர்கள். பாட்டின் சொற்கள் வெளியே கேட்பதில்லை. அதிர்வு மட்டும் நம் நெஞ்சில் வந்து மோதும். சப்வூஃபர் எனப்படும் தாழ்சுருதி ஸ்பீக்கர், காரின் டிக்கியில் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்துகொண்டு செய்யும் வேலை இது. அப்பெட்டியைப் பலர் வெறும் கூடு என்றே எண்ணுகின்றனர். பெரிய பெட்டி, பெரிய ஆம்ப்ளிஃபயர், நல்ல ஒலி என்பது அவர்கள் கணக்கு. இக்கணக்கு தவறு. பெட்டியும் ஒரு கருவியே. அதற்கும் சுருதி சேர்க்க வேண்டும்.

முதலில், பெட்டி எதற்கு? ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று நெருக்கமடைகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று நெகிழ்கிறது. பெட்டி இல்லாவிட்டால் இவ்விரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். நீண்ட அலைகளே இவ்வாறு மிகுதியாக அழிகின்றன. 35 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 10 மீட்டர், காரைவிட நீளம்! ஆகவேதான் தாழ்ந்த ஒலிக்குப் பெட்டி இன்றியமையாதது.

பெட்டியில் ஒரு குழாயைப் பொருத்தினால் அது கடத்தின் இனத்தைச் சேர்ந்துவிடுகிறது. கட வித்துவான் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் நாதத்தை மாற்றுகிறார் அல்லவா? கழுத்திலுள்ள காற்று ஒரு எடைக்கட்டி போலவும், உள்ளிருக்கும் காற்று ஒரு சுருள்வில் போலவும் சேர்ந்து அசைகின்றன. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய ஒத்ததிர்வு இதுவே.

கணக்கும் எளிது. குழாய் வாயின் பரப்பை, பெட்டியின் கன அளவும் குழாயின் நீளமும் சேர்ந்த பெருக்கற்பலனால் வகுங்கள். ஈவின் வர்க்கமூலத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, 6.28ஆல் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். எல்லாம் மீட்டர் அளவில் இருக்கட்டும். 40 லிட்டர் பெட்டி, 10 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய், 35 ஹெர்ட்ஸ் சுருதி என்று கொண்டால் நீளம் சுமார் 48 செ.மீ. வருகிறது. குழாயின் முனைகளுக்கு வெளியேயும் சிறிது காற்று சேர்ந்து அசைவதால் ஏறக்குறைய 7 செ.மீ. கழித்து, 41 செ.மீ. நீளத்திற்கு வெட்ட வேண்டும். ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனையில் வரும் முனைத் திருத்தம்தான் இது. ஸ்பீக்கரும் குழாயும் உள்ளே அடைக்கும் இடம் இந்த 40 லிட்டரில் சேராது என்பதை மறவாதீர்கள்.

அந்தக் குழாயைப் பாதியாக வெட்டிவிட்டால் சுருதி 46 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஒலி பெரிதாகத் தோன்றலாம். ஆனால் மிருதங்கமும் பேஸ் கிட்டாரும் ஒரே ‘தும்’ ஆகிவிடும்.

“காதால் கேட்டுச் சரிசெய்தால் போதாதா?” என்று கேட்கலாம். காது இறுதித் தீர்ப்பைச் சொல்லட்டும். ஆனால் அறுத்த பலகையைக் காதால் ஒட்ட முடியாது. எந்த ஸ்பீக்கருக்கு எந்தப் பெட்டி என்பதைக் கணிக்கும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வகுத்துத் தந்தனர். அதற்கு வேண்டிய எண்களை ஸ்பீக்கர் தயாரிப்பாளர்களே இன்று தருகின்றனர். அவற்றைப் படிக்காமல் ரம்பத்தை எடுப்பது பலகைக்கும் பணத்திற்கும் கேடு.

சரிபார்ப்பதும் எளிதே. கைப்பேசிச் செயலி ஒன்றால் தாழ்ந்த ஒலிகளை மெதுவாக, சிறிய அளவில் எழுப்புங்கள். குழாய் வாயருகே மெல்லிய தாளைப் பிடியுங்கள். சுருதி சேர்ந்த இடத்தில் தாள் மிகுதியாகப் படபடக்கும். கூம்போ ஏறக்குறைய அசையாமல் நிற்கும்!

இதில் பிறர் நலமும் அடங்கியுள்ளது. ஒலி 10 டெசிபெல் உயரப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். பெட்டியின் குறையை வாட்டால் ஈடுசெய்ய முயல்பவர் தம் செவியையும் ஊரையும் சேர்த்தே வருத்துகிறார். தாழ்ந்த ஒலி சுவரையும் எளிதில் கடக்கும். கிண்டியில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை இருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இடமளிக்கின்றன. விதி இல்லாவிட்டாலும், நோயாளியின் உறக்கத்தைக் கெடுக்கும் ஒலி இசையாகுமா?

கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகவே தோன்றியது. அளந்த பிறகே செய்வது பொறியியலின் முதற்பாடம். உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் இவ்வாண்டு ஒரு சிறு பெட்டியைச் செய்து பார்க்கட்டும். முதலில் தாளில் கணக்கு, பிறகு பலகை, கடைசியில்தான் பாட்டு.