நடக்க ஒரு துணை

சர்க்கரை வந்தால் எல்லோரும் நடக்கிறோம். பத்தாம் நாள் புதுச் செருப்பு மூலைக்குப் போய்விடுகிறது. பயம் அவ்வளவு நாள்தான் தாங்கும்.

எங்கள் கோவில்பட்டிப் பையன்கள் விடியுமுன்னே ஹாக்கி மட்டையோடு கிளம்புகிறார்கள். ஒருவன் வராவிட்டால் மற்ற பத்துப் பேரும் கேட்பார்கள். அப்படி ஆடிய மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். நான் பிரெஞ்சில் படித்த புதுச்சேரியில் பெரியவர்கள் இன்றும் 'பெத்தாங்க்' குண்டு எறியக் கூடுகிறார்கள்; ஆட்டமும் அரட்டையும்தான் அவர்களை இழுக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் போதும் என்கிறது. நாளுக்கு 22 நிமிடம்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம், "காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்பேன்" என்று இன்றே சொல்லிவிடுங்கள். அப்புறம் படுத்துக் கிடக்க மனசு வராது.