முழங்கை அசையலாம், கோடு அசையக் கூடாது

ஸ்னூக்கர் கற்க வரும் எவர் காதிலும் முதல் நாளே விழும் அறிவுரை இது: "முழங்கையை அசைக்காதே. முன்கை மட்டும் ஊசல் போல ஆடட்டும். கை சரியாகிவிட்டால் ஆட்டம் தானாக வரும்." இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பி இளைஞர்கள் பலர் கண்ணாடி முன் நின்று கையைத் திருத்துவதிலேயே காலத்தைக் கழிக்கிறார்கள். இந்த நம்பிக்கையின் ஒவ்வொரு பகுதியையும் சோதித்துப் பார்ப்போம்.

முதலாவது, 'முழங்கை கடைசிவரை அசையக் கூடாது' என்பது. க்யூவின் (ஆடும் கோலின்) நுனியான டிப், பந்தைத் தொடும்வரை இது சரி. அதற்கு முன்பே முழங்கை இறங்கினால் க்யூவின் பின்பகுதி தாழும், டிப் உயரும், குறிவைத்த இடத்துக்கு மேலே அடி விழும். ஆனால் டிப்பும் பந்தும் ஒட்டியிருப்பது நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். பந்து போன பிறகும் முழங்கையை இறுக்கிப் பிடித்தால், முன்னேறும் கை மேலே எழும்பும். டிப் துணியை நோக்கிக் குனியும். அந்த நேரத்தில் முழங்கை இயல்பாக இறங்கினால்தான் க்யூ மட்டமாக முன்னே செல்லும். வேகமான ஷாட்களில் இதைத் தடுக்கப் பார்ப்பவர், தோளை இறுக்கி அடியைக் கெடுத்துக்கொள்கிறார்.

இரண்டாவது, 'கெட்டியாகப் பிடித்தால்தான் வேகம் வரும்' என்பது. க்யூவைப் பின்னுக்கு இழுக்கும்போது கடைசி இரண்டு விரல்களைக் கவனியுங்கள். அவை தளர்ந்து விரிந்தால் க்யூ மட்டமாகவே பின்னே போகும். இறுக்கினால் மணிக்கட்டு மடங்கும், க்யூ பக்கவாட்டில் விலகும். வேகம் தருவது சீரான இழுப்பும், அவசரமில்லாத திருப்பமும், அடியின்போது படிப்படியாகக் கூடும் முடுக்கமும்தான்.

மூன்றாவது, 'புத்தகத்தில் உள்ள கைதான் சரியான கை' என்பது. இதற்கு ஸ்டீவ் டேவிஸைச் சான்று காட்டுவார்கள். ஜோ டேவிஸ் எழுதிய புத்தகத்தைப் பார்த்துத் தந்தையுடன் பயின்று, 1981 முதல் 1989 வரை 6 உலகப் பட்டங்களை வென்றவர் அவர். ஆனால் அந்த ஜோ டேவிஸே, வலக்கண் பார்வை குறைவு என்பதால், க்யூவை முகத்தின் நடுவில் வைக்காமல் இடக்கண்ணுக்குக் கீழ் வைத்து ஆடினார்; 15 முறை உலகச் சாம்பியனானார். ரே ரியர்டனின் முழங்கை க்யூவின் கோட்டை விட்டு விலகி நின்றது. அவருக்கும் 6 உலகப் பட்டங்கள். 2019 சாம்பியன் ஜட் ட்ரம்ப்பின் க்யூவும் நேர்கோட்டில் பின்வாங்குவதில்லை. இவர்கள் எல்லாருக்கும் பொதுவானது ஒன்றுதான்: பந்தைத் தொடும் கணத்தில் க்யூ குறிக்கோட்டில் இருக்கிறது.

நான்காவது, 'பந்து விழவில்லை என்றால் குற்றம் கையுடையது' என்பது. பல நேரம் குற்றம் அதற்கு முன்பே, நிற்கும் நிலையிலேயே நடந்துவிடுகிறது. குறி ஒரு பாகை விலகினால்கூட, 6 அடி தூரத்தில் வெள்ளைப் பந்து ஒன்றேகால் அங்குலம் தள்ளிப் போகும். பந்தின் அகலமே இரண்டு அங்குலத்துக்குச் சற்றுத்தான் அதிகம். பிழை எங்கே என்று அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. மற்ற பந்துகளை எடுத்துவிட்டு, வெள்ளைப் பந்தைப் பிரவுன் புள்ளியில் வைத்து, நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகளின் மேலாக எதிர்க் குஷனுக்கு நேராக அடியுங்கள். போகும்போதே புள்ளிகளை விட்டு விலகினால் உங்கள் குறியோ நிலையோ தவறு. போகும்போது சரியாகப் போய், திரும்பும்போது விலகினால் பந்தின் நடுவில் அடிக்கவில்லை என்று பொருள். நேராக வந்து டிப்பைத் தொட்டால், உங்கள் முழங்கை எப்படித் தெரிந்தாலும் கவலை வேண்டாம்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவரின் கையைத் தொட்டுத் திருத்துவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்ய வையுங்கள். அழகான கை வேண்டாம் என்பதல்ல வாதம். கையின் அழகு வழி மட்டுமே. க்யூவின் நேர்மைதான் இலக்கு.