மது இல்லாத மது வகுப்பு!

அமெரிக்காவில் மது கலந்து கொடுக்கும் வேலையைக் கற்றுத்தர தனிப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அந்த வேலை செய்பவருக்கு "பார்டெண்டர்" என்று பெயர்.

"கர்மம்! இதற்கும் ஒரு படிப்பா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். பல பள்ளிகளில் அந்த வகுப்பில் ஒரு சொட்டு மது கிடையாது! புட்டிகளில் இருப்பது வெறும் கலர் தண்ணீர்.

நான்கு எண்ணு!

புட்டியின் வாயில் மூக்குப் போன்ற சிறு குழாய் செருகி இருக்கும். மாணவர் புட்டியைக் கவிழ்த்து, மனதுக்குள் எண்ண வேண்டும். நான்கு எண்ணினால் சுமார் 60 மில்லி லிட்டர். பிறகு அதை அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, சரிபார்க்க வேண்டும். கூடினால் முதலாளிக்கு நஷ்டம். குறைந்தால் காசு கொடுத்தவருக்கு நஷ்டம். கை பழகும் வரை திரும்பத் திரும்ப இதே வேலைதான்.

பழரசம், பால், முட்டை சேர்ந்த பானம் என்றால் மூடி போட்டுக் குலுக்க வேண்டும். மது வகைகள் மட்டும் என்றால் நீண்ட கரண்டியால் கலக்கினால் போதும். 1862-ம் ஆண்டிலேயே ஜெர்ரி தாமஸ் என்ற அமெரிக்கர் இந்த முறைகளை எல்லாம் புத்தகமாகப் போட்டுவிட்டார். அது சமையல் புத்தகம் மாதிரிதான்!

"பீர்தானே!"

கை வேலையை விடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. 350 மில்லி பீர், 150 மில்லி ஒயின், 45 மில்லி விஸ்கி ஆகிய மூன்றிலும் இருக்கும் ஆல்கஹால் ஏறக்குறைய ஒரே அளவு. அதாவது 14 கிராம். "பீர்தானே, ஒன்றும் செய்யாது" என்று வீட்டில் சமாதானம் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த 14 கிராமைத் தீர்க்க ஈரலுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். காபி குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அது வேகம் எடுக்காது.

ஆகவே, குடிப்பவரின் பேச்சு குழறுகிறதா, கை தடுமாறுகிறதா என்று கவனிப்பதும் பார்டெண்டரின் வேலை. ஆள் நிதானம் இழந்தால், "இனி உங்களுக்குக் கிடையாது" என்று முகம் கோணாமல் சொல்ல வேண்டும். தண்ணீர் கொடுத்து, வாடகைக் கார் பிடித்து, வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில், போதையில் இருப்பவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்து அவர் விபத்து செய்தால், ஊற்றிய கடை மீதும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம்.

இந்தப் பாடத்தைத்தான் முதல் நாளிலேயே நடத்த வேண்டும். குலுக்குவதை மறுநாள் படித்துக் கொள்ளலாம். ஊற்றத் தெரிந்தவருக்கு நிறுத்தத் தெரியாவிட்டால், தெருவில் போகும் குழந்தைக்கு அல்லவா ஆபத்து!

பெண் ஊற்றினால் குற்றமா?

இந்த வேலைக்குப் பெண்கள் வரலாமா? இதற்குச் சுப்ரீம் கோர்ட்டு வரை சண்டை நடந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது. கடைக்குச் சொந்தக்காரரான ஆணின் மனைவி, மகள் தவிர வேறு பெண்கள், பெரிய ஊர்களில் மது ஊற்றக் கூடாது. ஆனால் அதே கடையில் மேஜை மேஜையாகப் போய் பரிமாறலாம்! சொந்தமாகக் கடை வைத்திருந்த ஒரு தாயும் அவர் மகளும் வழக்குத் தொடர்ந்தார்கள். 1948-ல் 6 நீதிபதிகள் சட்டத்தின் பக்கமும், 3 பேர் பெண்களின் பக்கமும் நின்றார்கள். தாயும் மகளும் தோற்றார்கள். 1976-ல் வேறொரு வழக்கில் அந்தத் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட்டே ஒதுக்கித் தள்ளியது.

அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். டெல்லியிலும் 1914-ம் ஆண்டு பஞ்சாப் சட்டம் ஒன்று அமலில் இருந்தது. மது அருந்தும் இடங்களில் பெண்களையும், 25 வயது ஆகாத ஆண்களையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அது. ஓட்டல் நிர்வாகப் படிப்பைப் பெண் படிக்கலாம். பாரில் நிற்கக் கூடாது. நல்ல நியாயம்!

2007-ல் நமது சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்புக் கூறியது. பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அவள் வேலையைப் பறிப்பதை விட்டுவிட்டு, பாதுகாப்பைக் கொடுக்கும் வழியை அரசு பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.