தேடித் தருபவரின் கூலி: மத்தியத் தொழிலாளர் நல அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மத்தியத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அவர்கள் சமூகத்துக்கு ஆம்பூர்வாசி ஒருவன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழுவுக்குத் தாங்களே தலைவராக இருப்பதாலும், அந்த நிதியில் திரண்டு கிடக்கும் திரவியத்தில் ஒரு பகுதி பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டும் ஷூ தைத்தும் ஜீவனம் செய்த ஜனங்களின் சம்பாத்தியமாக இருப்பதாலும், அந்த ஜனங்களை அண்டி எங்கள் பக்கத்தில் வளர்ந்துவரும் ஒரு தொழிலைப் பற்றித் தங்களிடமே முறையிடுவது நியாயமென்று கருதுகிறேன். உரியவர் மறந்துபோன பணத்தையோ, மறக்காமலிருந்தும் கைக்கு எட்டாத பணத்தையோ தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்து, அதில் ஒரு பங்கைக் கூலியாக எடுத்துக்கொள்வதே அத்தொழில். செய்பவரை 'பி.எப். புரோக்கர்' என்பார்கள். பஸ் நிலையத்தை அடுத்த ஜெராக்ஸ் கடையின் முன்புறத்தில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு மடிக்கணினி, ரேகை வைக்கும் சிறு கருவி, பக்கத்தில் ஒரு கட்டு விண்ணப்பத் தாள்: இவ்வளவுதான் மூலதனம். அவருக்கு உரிமமும் இல்லை, வரம்பும் இல்லை, அவர்மேல் புகார் சொல்வதற்கென்று ஓர் இடமும் இல்லை.

இத்தகைய ஒருவர் இங்கே தோன்றியதற்குக் காரணம் இங்குள்ள தொழிலின் சுபாவத்திலேயே இருக்கிறது. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துவிட்ட போதிலும், மேல்விஷாரம் முதல் வாணியம்பாடி வரையில் தோல் தொழில் ஒன்றுதான், தொழிலாளியும் ஒருவரே. இன்று ஒரு டேனரியில் டிரம் ஓட்டுபவர் நாளை வேறொன்றில் சுண்ணாம்புத் தொட்டி பார்ப்பார். இந்த ஆண்டு ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் என்னும் மேற்பாகம் தைத்த பெண், கம்பெனி பஸ் வேறு வழியில் திருப்பிவிடப்பட்டதென்ற ஒரே காரணத்துக்காக அடுத்த ஆண்டு மற்றொன்றுக்குப் போய்விடுவாள். 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி, டேனரிக் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான கிரயத்தைக் கொடுக்கவேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டில் நிலைநாட்டியது என்பது பிரசித்தம். கழிவுநீரைச் சுத்திகரிக்க வகையற்ற சிறு டேனரிகள் மூடப்பட்டபோதும், கைமாறி வேறு பெயரில் திறக்கப்பட்டபோதும், சம்பளப் பதிவேடு எங்கே போயிற்றென்று கேட்பாரில்லாமல் போனது அவ்வளவு பிரசித்தமன்று.

இவ்வாறாக ஒருவருக்கு மூன்று நான்கு பி.எப். எண்கள் சேர்ந்துவிடுகின்றன. வாழ்நாள் முழுமைக்கும் ஒரே எண் என்னும் ஏற்பாடு 2014இல்தான் வந்தது. அதற்கு முற்பட்டவையெல்லாம் ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த சம்பளச் சீட்டின் மூலையில், மை மங்கிக் கிடப்பவை. அந்த எண்ணைக் கண்டுபிடித்தாலும் பெயர் ஒத்துவராது. கம்பெனிப் பதிவில் தகப்பனாரின் தலைப்பெழுத்து. ஆதாரில் கணவர் பெயர் முழுமையாக. வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லை. உருதுப் பெயராயின், ஆங்கிலத்தில் அதை எழுதியவர் எத்தனை பேரோ அத்தனை விதம். பிறந்த தேதியோ, வேலைக்குச் சேர்த்த மேஸ்திரி உத்தேசமாகச் சொன்னது. வேலையைவிட்டு நின்ற தேதியைப் பதியவேண்டிய முதலாளி தொழிலையே விட்டுவிட்டார். மூடிப்போன நிறுவனமாயின் திருத்தப் படிவத்தில் அதற்கென அதிகாரம் பெற்ற வேறு அலுவலர்கள் சான்றளிக்கலாம் என்ற வழி இருக்கத்தான் செய்கிறது. அந்த வழி இருப்பதை அறிந்தவர் புரோக்கர் ஒருவரே.

தங்கள் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்த கணக்கின்படி, செயலற்றுக் கிடக்கும் பி.எப். கணக்குகள் 2018-19இல் ஏறத்தாழ 6.92 லட்சமாகவும் அவற்றிலிருந்த தொகை 1,638 கோடி ரூபாயாகவும் இருக்க, 2023-24இல் கணக்குகள் 21.55 லட்சத்தையும் தொகை 8,505 கோடியையும் எட்டிவிட்டன. உரிமை கோருவாரற்ற பணம் என்று எதுவுமே நிதியில் இல்லை, ஒவ்வொரு கணக்குக்கும் திட்டமான உரியவர் இருக்கிறார் என்பது அரசாங்கம் தொடர்ந்து சொல்லிவரும் விளக்கம். அதை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன். உரியவர் இன்னார் என்று தெரிந்திருக்குமாயின், அவருக்கு ஒரு தபாலட்டை எழுதுவதற்கு என்ன தடை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. புரோக்கர் அவரைக் கண்டுபிடித்துவிடுகிறாரே! எப்படியென்று விசாரித்தால், பல இடங்களில் அவர் ஒரு மூடிப்போன கம்பெனியின் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். பழைய வருகைப் பதிவேடு அவர் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது.

நான் பார்க்க நேர்ந்த உடன்படிக்கை ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். எழுதிக் கொடுத்தவர் பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பெண்மணி. மூன்று கம்பெனிகளில் அப்பர் தைத்தவர். முதலாவதில் நான்கு ஆண்டு, இரண்டாவதில் மூன்றரை, கடைசியில் மூன்று. முத்திரைத்தாளில் தொகை எழுதவேண்டிய இடம் காலி, 'வரும் தொகையில் நூற்றுக்கு இருபது' என்ற வாசகம் மட்டும் தெளிவு, அடியில் கைரேகை. பி.எப். கணக்கில் இணைத்த கைபேசி எண் புரோக்கருடையது, ஆகவே ஓ.டி.பி. அவருக்கே வரும். கூலி கைக்கு வரும் வரையில் ஏ.டி.எம். கார்டும் அவரிடமே. நூற்றுக்கு இருபது அதிகமா குறைவா என்று நானும் முதலில் யோசித்தேன். நஷ்டம் அதுவன்று.

முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது என்பதும், பத்தாண்டுச் சேவை நிறைந்தவருக்கு 58 வயதில் ஆயுள் உள்ளவரை ஓய்வூதியம் உண்டென்பதும், 2014 செப்டம்பர் முதல் அது மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாதென்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. அந்தப் பெண்மணியின் மூன்று சேவைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் பத்தரை ஆண்டு. சேர்த்திருந்தால் ஓய்வூதியம் வந்திருக்கும். புரோக்கர் சேர்க்கவில்லை. மூன்று கணக்கிலும் தனித்தனியே 19ஆம் படிவமும் 10சி படிவமும் போட்டு, பி.எப். தொகையையும் ஓய்வூதியப் பங்கையும் ரொக்கமாகவே எடுத்துவிட்டார். ஏனென்றால் மாதாமாதம் வரும் ஆயிரத்தில் அவருக்கு இருபது சதவீதம் கிடைக்காது, ரொக்கத்தில் கிடைக்கும். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்றுகூட நான் சொல்லத் தயாராயில்லை. பங்குக் கூலி என்ற ஏற்பாடு, யோசனை சொல்பவனுடைய லாபத்தையும் யோசனை கேட்பவருடைய க்ஷேமத்தையும் எதிரெதிராக நிறுத்திவிடுகிறது. அப்படி நிறுத்திய பின் நல்ல மனிதனை எதிர்பார்த்துப் பயனில்லை.

1952ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தை இயற்றியவர்களுக்கு இந்த அபாயம் தெரிந்திருந்தது. அதன் 10ஆம் பிரிவு, உறுப்பினர் பெயரிலுள்ள தொகையைப் பிறருக்கு உரிமை மாற்றவோ அதன்மேல் பாத்தியதை ஏற்றவோ இயலாது என்றும், எந்தக் கடனுக்காகவும் எந்த நீதிமன்றத்தின் டிக்ரியினாலும் அது ஜப்திக்கு உட்படாது என்றும் விதித்தது. கோர்ட் அமீனா தொடமுடியாத பணத்தில், ஜெராக்ஸ் கடை மேஜைக்காரர் ஐந்தில் ஒரு பங்கை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறார்.

2025 ஜூனில் வைப்பு நிதி நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: எங்கள் சேவைகள் இலவசம், பணம் பறிக்கும் இடைத்தரகர்களிடமும் இணையக் கடைக்காரர்களிடமும் போகாதீர்கள் என்று. எச்சரிக்கை சரியே, ஆனால் அது யாரைப் போய்ச் சேரும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் சார்ஜ் கொடுத்து வேலூர் அலுவலகத்துக்குப் போய், ஓர் எழுத்துப் பிழைக்காகத் திரும்பி வருகிறவருக்குப் புரோக்கர் வீண் ஆடம்பரமல்லர், அவசியம். அவரை ஒழிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு விதி வேண்டும் என்கிறேன்.

விதி வகுப்பது உலகத்தில் புதிதன்று. அமெரிக்க மாகாணங்களில் இத்தகைய பணத்தைத் தேடித் தருவோர் நெடுங்காலமாகவே உண்டு. கலிபோர்னியா அவர்களுடைய கூலியை நூற்றுக்குப் பத்து என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. புளோரிடாவில் வழக்கறிஞர், கணக்காயர், உரிமம் பெற்ற துப்பறிவாளர் முதலியோர் அரசிடம் பதிவு செய்துகொண்டே இக்காரியத்தில் இறங்கமுடியும். நம்மிடமும் முன்மாதிரி இல்லாமலில்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003இல் தனிச் சட்டமே செய்தது. நீதிமன்ற வாசலில் திரியும் தரகர்களின் பட்டியலை வெளியிடும் அதிகாரத்தை வழக்கறிஞர் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் நீதிமன்றங்களுக்கு வழங்கியிருக்கிறது. ஏழைத் தொழிலாளியின் வைப்பு நிதி மட்டும் ஏன் விதியற்ற வெளியாக இருக்கவேண்டும்?

நான் விரும்புவது கலிபோர்னியாவின் பத்து சதவீதமும் அன்று. பங்குக் கூலியே செல்லாதென்று அறிவித்து, படிவத்துக்கு இவ்வளவு, திருத்தத்துக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் குறித்து, அதையும் பணம் உரியவர் கணக்கில் விழுந்த பிறகே வாங்கவேண்டும் என்று விதிக்கவேண்டும். உதவி செய்ய முன்வருபவர் வைப்பு நிதி அலுவலகத்தில் பெயர் பதிந்துகொண்டு, பதிவுச் சீட்டை மேஜைமேல் எல்லோரும் காண வைக்கட்டும். உடன்படிக்கை தமிழிலோ உருதுவிலோ, எழுதிக்கொடுப்பவருக்குப் புரியும் பாஷையில் இருக்கட்டும். தம் கைபேசி எண்ணைப் பிறர் கணக்கில் ஏற்றுவதும் ஏ.டி.எம். கார்டைப் பிடித்து வைப்பதும் குற்றமாகட்டும். எல்லாவற்றினும் முக்கியமாக, ஒருவருடைய பழைய எண்கள் அனைத்தையும் சேர்த்து மொத்தச் சேவை எத்தனை ஆண்டு, ஓய்வூதியம் உண்டா இல்லையா என்பதை ஒரே தாளில் அவருக்குத் தெரிவித்து ஒப்புதல் பெறும் முன்னர் எந்த 10சி படிவத்தையும் அலுவலகம் ஏற்கலாகாது. இந்த ஒரு விதி இருந்திருந்தால் பேரணாம்பட்டுப் பெண்மணியின் ஓய்வூதியம் தப்பியிருக்கும்.

தேடும் முதற்கடமை அரசினுடையது. பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டும்படி நான் சொல்லமாட்டேன். அது புரோக்கருக்கே உபகாரமாய் முடியும். தனித்தனி முகவரிக்குத் தபால் போகட்டும். பழைய முகவரியாயின் கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கட்டும். இது நடவாத காரியமன்று. டேனரிக் கழிவால் நிலமும் கிணறும் கெட்டவர்களுக்கு நஷ்டஈடு நிர்ணயிக்க அமைந்த சுற்றுச்சூழல் இழப்பு ஆணையம், 2001இல் 547 டேனரிகள் கொடுக்கவேண்டிய 26.82 கோடி ரூபாய்க்கு 29,193 உரியவர்களை, அப்போது ஒன்றாயிருந்த வேலூர் மாவட்டத்தில் அடையாளம் கண்டு தீர்ப்பளித்தது. கொடுத்து முடிப்பதில்தான் நாம் தேர்ச்சியற்றவர்கள். இன்னும் பெறாதவர்களுக்கு வழங்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல நேர்ந்தது.

வங்கிகளின் விஷயம் தங்கள் இலாகா அன்று. ஆயினும் ஒரு வார்த்தை. பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடந்து ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்ட வைப்புத் தொகை 2024 மார்ச் இறுதியில் 78,213 கோடி. இத்தகைய தொகைகளை உரியவரிடம் சேர்ப்பிக்க நிதியமைச்சர் 2025 அக்டோபரில் காந்திநகரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அந்தப் பணத்துக்கும் புரோக்கர்கள் கிளம்பிவிட்டார்கள். ஆகவே தாங்கள் வகுக்கும் விதி நிதியமைச்சகத்துக்கும் மாதிரியாக அமையக்கூடும்.

கடைசியாக, விதிகளுக்குக் காத்திராமல் உடனே செய்யக்கூடிய ஒன்று. வைப்பு நிதி நிறுவனம் மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடத்துகிறது. அன்று விடுமுறையாயின் அடுத்த வேலை நாளில். ஆகவே அது ஞாயிற்றுக்கிழமையில் வருவதேயில்லை. ஷூ கம்பெனிக்கோ ஞாயிறுதான் விடுமுறை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய நான்கு ஊர்களில் மட்டுமாவது அந்த முகாமை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி, பழைய எண்களைத் தேடிச் சேர்க்கத் தெரிந்த இரண்டு குமாஸ்தாக்களையும் உருது பேசத் தெரிந்த ஒருவரையும் அனுப்பிவைக்கும்படி உத்தரவிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஆம்பூர்வாசி ஒருவன்