பெயர் பெறாத வௌவால்

"இந்தக் காட்டில் அப்படி என்ன இருக்கிறது? வெட்டினால் என்ன?" என்று சிலர் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதற்கு மேகமலையில் ஒரு விடை இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டி உயர்ந்து நிற்கும் இம்மலையை ஹைவேவிஸ் என்றும் அழைப்பர். இங்கே காட்டின் ஒரு பகுதி திருத்தப்பட்டுக் காப்பி, தேயிலைத் தோட்டங்கள் தோன்றின. தோட்டத் துறையினரும் இயற்கை ஆர்வலருமான ஆங்கஸ் ஹட்டன், 1948-இல் இங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அதன் உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை அடைந்தது. வழக்கமான குறுமூக்கு வௌவால் என்று கருதப்பட்டு அங்கேயே கிடந்தது.

1972-இல் தாய்லாந்து விலங்கியலார் கிட்டி தோங்லோங்யா அதனைக் கூர்ந்து ஆராய்ந்தார். பல்லமைப்பு வேறாக இருந்தது, வாலும் இல்லை. அது புதிய சிற்றினம் மட்டுமன்று, புதிய பேரினமே! பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. உயிருள்ள வௌவால் மீண்டும் கண்டறியப்பட்டதோ 1993-இல்தான்.

1948-க்கு முன்பே அது வாழ்ந்த காடு முழுவதும் அழிந்திருந்தால்? இழந்தது இன்னதென்றுகூட நாம் அறிந்திருக்க மாட்டோம்.

"ஒரு வௌவாலால் என்ன பயன்?" என்பீர்கள். பழந்தின்னி வௌவால்கள் பழங்களைத் தின்று, விதைகளைத் தொலைவில் உதிர்க்கின்றன. அவற்றுள் சில மரங்களாகின்றன. மழைத்துளியின் இயக்க ஆற்றலை மரத்தின் இலைகளும் தரையிலுள்ள சருகுகளும் தாங்கிக்கொள்கின்றன. நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. வெற்றுத் தரையிலோ துளிகள் மண்ணைச் சிதறடித்து, அதன் நுண்துளைகளை அடைக்கின்றன; நீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு வழிந்தோடுகிறது. வருசநாடு, மேகமலைக் காடுகளே வைகையின் நீர்பிடிப்புப் பகுதி. தேனி வயல்களுக்கும் மதுரையின் குடிநீர்க் குழாய்களுக்கும் இக்காடுகளோடு தொடர்பு உண்டு.

2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நல்ல செய்தி! ஆனால், புலிகளை மட்டும் எண்ணிக் காட்டின் மதிப்பைக் கணிப்பது போதாது. நாம் வைத்திருக்கும் உயிரினப் பட்டியல் முடிவு பெற்றதன்று.

எனவே என் கருத்து இது: காட்டைக் காப்போரிடம் "அங்கே என்ன இருக்கிறது?" என்று சான்று கேட்பது முறையன்று. வெட்ட வருபவரே, "அங்கே இழப்பதற்கு ஒன்றுமில்லை" என மெய்ப்பிக்கட்டும். 24 ஆண்டுகள் பெயரின்றிக் கிடந்த அந்த வௌவாலை நினைத்துப் பாருங்கள். அது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.