ஊசிப் பை

படைவீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலை ஆவடியில் 1961 முதல் இருக்கிறது. ஆகவே அவ்வூரில் தையலறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்கே சகோதரிகள் பலர் ஒரு வீட்டில் கூடி, பழம் புடைவைகளை ஒட்டுச் சேர்த்துப் போர்வை தைத்தார்கள். வங்காளத்தில் இதற்குக் ‘காந்தா’ என்று பெயர்; நைந்த சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பது அங்கே பழைய வழக்கம்.

மாலையில் பரிசு மாற்றம். கையால் செய்ததாயிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நம் வீட்டு அம்மாளுக்குத் துணையாகப் போன நமக்கும் விலக்கில்லை. நமக்குக் கிடைத்தது ஓர் ஊசிப் பை. ஒரு பாட்டியார் தம் தாயாரின் கூறைப்புடைவைக் கரையை வைத்துத் தைத்தது. நாம் கொடுத்ததோ, விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுக் கொண்டுபோன கடைப் பை! அதைப் பெற்றவர் நாளெல்லாம் தையல் இயந்திரத்தில் வேலை செய்பவர். பையின் உட்புறத் தையலைப் பார்த்தார், புன்னகை செய்தார், ஒன்றும் சொல்லவில்லை.

1947 நவம்பரில் இளவரசி எலிஸபெத்தின் கலியாணத்துக்குக் காந்திஜி, தாம் நூற்ற நூலில் பின்னிய துணியொன்றை அனுப்பினார். மணப்பெண்ணின் பாட்டியார் மேரி ராணி அதைக் கோவணமென்று எண்ணி முகம் சுளித்தாராம். எலிஸபெத்தோ அதைப் பத்திரமாக வைத்திருந்து, பல்லாண்டுகளுக்குப் பின் தம்மைச் சந்தித்த இந்தியப் பிரதமரிடம் எடுத்துக் காட்டினார். நூற்றவருடைய பொழுதல்லவா அதில் இருந்தது!

அடுத்த கூட்டத்துக்காக நாம் தையல் பழகுகிறோம். இதுவரை விரலில் குத்திக்கொண்டது ஆறு தடவை; தைத்தது ஒரு பொத்தான்.